அணைந்த இஞ்சினும் ஓடிய விசிறியும்

எண்பதுகளில் ஒரு ஞாயிறு, தேவாலயத்துக்குப் புறப்பட்ட எங்கள் கார் சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தைத் தாண்டுவதற்குள் கொதித்துவிட்டது. முன்மூடியைத் திறந்து பார்த்தேன். ரேடியேட்டர் விசிறி ஓடவில்லை. இஞ்சினை அணைத்தேன். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் என் மைத்துனன் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தான்.

"நல்லாத்தான் சுத்துது அத்தான். வயரைத் தொடாதீங்க, கை உள்ள இருக்கு லா!"

"இஞ்சின்தான் ஓடலையே, பயந்தாங்கொள்ளி!" என்று கழன்றிருந்த வயரை அழுத்தினேன். இஞ்சின் அணைந்திருந்தாலும் சூடு இருந்தால் விசிறி ஓடும் என்பது எனக்குத் தெரியாது. சட்டென்று சுழன்றது.

அவனுடைய இரண்டு விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. ஆர்கனை விட்டுவிட்டான். ஓடிக்கொண்டிருந்த விசிறிக்குள் அவனாகவே கையை விட்டான் என்று, அன்று எங்களோடு வராத மனைவியிடம் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை.

இப்போதெல்லாம் பேட்டரி வயரைக் கழற்றாமல் விசிறியை நெருங்குவதில்லை. மனைவியிடம் போன வாரம் உண்மையைச் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.