ஏழு சோடிச் செருப்பும் ஒரு தராசும்

சுகாதாரக் கணக்கெடுப்பு என்பது, கதவைத் தட்டி உண்மையைக் கேட்டு, கிடைத்த பொய்யை அழகான கையெழுத்தில் படிவத்தில் எழுதுகிற தொழில். படிவமும் பேனையுமாகப் படியேறிக் களைத்த சகபாவிகளுக்கு இது விளங்கும்.

யுத்த காலம்; ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் தமிழர் நிறைந்த ஒரு நாலுமாடிக் கட்டிடம். அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட நாற்பது பிள்ளைகளைக் காட்டினால், அந்த ஒழுங்கையிலேயே தடுப்பூசி கிளினிக் நடத்த மேலிடம் சம்மதிக்கும். இல்லாவிட்டால் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டும். அந்தப் பயத்தில் பலர் ஊசியையே கைவிட்டிருந்தார்கள்.

நாடகம்

முதல் வீட்டு வாசலில் ஏழு சோடிச் செருப்பு. கதவைப் பாதி திறந்த அக்கா, "நானும் இவரும் மட்டும்தான்" என்றார். ஊரிலிருந்து வந்து தங்கும் சொந்தக்காரரைப் பொலிஸில் பதியாதவர்களுக்கு, படிவத்தோடு வருகிற எவரும் பொலிஸ்தான். அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு குழந்தை வீரிட்டது. நான் அவரைப் பார்த்தேன். அவர் கண் இமைக்காமல் சொன்னார்:

"அது றேடியோ, தங்கச்சி. நாடகம் போகுது."

கொதித்த தண்ணீர்

மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். "ஐயா, தண்ணியைக் கொதிக்க வைச்சோ குடிக்கிறனீங்கள்?" என்று கேட்டேன். எழுந்து உள்ளே போனவர் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கலியாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். "ஓம் எண்டு சொன்னாலே காணும், ஐயா" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"வாயால சொன்னதை இந்த ஊரில ஆர் பிள்ளை நம்பினவை?"

தராசு

பின்னேரம் கூட்டிப் பார்த்தால் நாலு மாடிக்கும் பதினொரு பிள்ளைகள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னோடு வேலை செய்த மருத்துவிச்சி குசுமா மிஸ்ஸி சிங்களவர். கொட்டாஞ்சேனைத் தமிழரோடு வளர்ந்ததால் எங்கள் தாய்மாரின் குணம் அவருக்கு அத்துப்படி. மறுநாள் படிவத்தைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, படிக்கட்டடியில் தொங்கு தராசைக் கட்டினார். ஒருவரிடமும் பெயர் கேட்கவில்லை. கீழ்வீட்டுப் பெடியனைத் தூக்கித் தராசில் இருத்தி, மேல்மாடிக்கும் கேட்கும்படி எடையைச் சொல்லி, "இந்தக் கட்டிடத்திலேயே இவர்தான் பெரிய ஆள்!" என்று கத்தினார்.

எந்தத் தாய் பொறுப்பாள்? கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மத்தியானத்துக்குள் முப்பத்தொன்பது பிள்ளைகள். இன்னும் ஒன்று வேண்டும்; படிக்கட்டில் ஆளில்லை. தராசைக் கழற்றப் போன நேரம், முதல் வீட்டு அக்கா ஒரு குண்டுக் குழந்தையோடு வந்து நின்றார். எத்தனை நாள் வாயைப் பொத்தி வளர்த்த பிள்ளையோ. அவருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.

"தங்கச்சி, என்ர றேடியோவையும் ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ. கீழ்வீட்டுப் பெடியனை விடக் கட்டாயம் கூட இருக்கும்."

ஊரைச் சுகப்படுத்த ஆதாரம் வேண்டும் என்று மேலிடம் எழுதியது சரிதான்; பக்கத்து வீட்டுப் பிள்ளையை விடக் கால் கிலோ கூட என்பதுதான் அந்த ஆதாரம் என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்கள்.