தகரக்கூரையின் காய்ச்சல்

மாட்டுத்தீவனத்துக்கு வளர்க்கும் குதிரைமசாலில் இன்று புழு பொரித்திருக்க வேண்டும். இத்தனை டிகிரி வெப்பம் சேர்ந்தால் முட்டை பொரியும் என்று, தினமும் வெப்பநிலையைக் குறித்துக் கூட்டிவந்த என் கணக்கு அப்படித்தான் சொன்னது.

பெரியநாயக்கன்பாளையத்தில் பக்கத்துத் தோட்டத்து நதியா, என்னை நம்பித் தன் மசால் வயலுக்கு அடிக்கப் பூச்சிமருந்து டேங்க்கை எடுத்து வைத்திருந்தாள். அடித்தால் ஒரு வாரத்துக்கு அவளுடைய மூன்று மாடுகளுக்கும் பசுந்தீவனம் கிடையாது.

"ஒருக்கா பாத்துப்போட்டு அடிக்கலாமுங்ணா," என்றாள்.

நாலைந்து இடங்களில் தண்டுகளை வெள்ளைப் பேசினுக்குள் தட்டிப் பார்த்தோம். புழு ஒன்றுகூட இல்லை. பயிருக்கு நல்லது செய்யும் பொறிவண்டுகள்தான் ஓடின.

"தெர்மாமீட்டரை எங்கீங்ணா மாட்டுனீங்க?"

காட்டினேன். அவளுடைய மாட்டுச்சாளையில், தகரக்கூரைக்கு அடியில். பகலெல்லாம் கொதிக்கிற இடம். என் கணக்கு வயலை முந்தி ஓடியிருக்கிறது.

"காட்டுக்குப் பாக்கச் சொன்னா, தகரத்துக்குக் காய்ச்சல் பாத்திருக்கீங்களே."

டேங்க் உள்ளே போனது. சாயங்காலம் மாடுகள் பச்சை மசாலை மென்றுகொண்டிருந்தன. கணக்கு தப்பாகிப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

தெர்மாமீட்டர் இப்போது வயல் நடுவே, ஒரு குச்சியில், ஓலை நிழலில் தொங்குகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டிப் பார்ப்பதாகவும் பேச்சு.

உங்கள் ஊரில் இன்று எத்தனை டிகிரி? எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.