அபெனிசா கொண்டுவந்த வேர்

விலிமைனாவுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் சமையலில் தெரியும். அன்று காலை கீரைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றவில்லை. மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று கணவர் எபராமா கேட்கவில்லை. கேட்காமலே பதில் வந்தது.

"இன்னிக்கு அபெனிசா யங்கோனா வேர்க்கட்டோட வருவான். நீங்க அதைத் தொடக்கூடாது."

வைசாவு ஊரின் சார்பில் பேசுகிறவர் எபராமா. வெளியிலிருந்து வருகிறவன், பானம் கரைக்கிற அந்த வேரைக் கட்டாகக் கட்டிக் காணிக்கையாக அவர் முன் வைக்க வேண்டும். அவர் அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டால்தான் வந்தவன் வாய் திறக்கலாம். அரசாங்கமே வந்தாலும் அப்படித்தான்.

"அவன் உன் அத்தை மகன். பல்கலைக்கழகத்துக்கே தலைவன்."

"அதனாலதான் சொல்றேன். நீங்க அந்த வேரைத் தொட்டா, நான் இந்த அடுப்பைத் தொடமாட்டேன்."

எபராமா பாலில்லாத கீரையைத் தின்று முடித்து, ஊர்த்தலைவரைப் பார்க்கப் போனார்.

கோரோக்கடல் பல்கலைக்கழகம் வைசாவில் ஒரு கிளை திறந்தபோது, கொப்பரைக் கொட்டகையில் உட்கார்ந்த முதல் மாணவன் அபெனிசாதான். பாடம் ரேடியோவில் வரும். மழை நாளில் ரேடியோவின் ஏரியல் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றவள் விலிமைனா. அவன் தேறினான். ஊர்ப் பெண்கள் பாய் முடைந்து விற்று அவனைக் கப்பலேற்றினார்கள். ஆசிரியரானான், துறைத்தலைவரானான், கடைசியில் பல்கலைக்கழகத் தலைவரே ஆனான். ஒவ்வொரு படிக்கும் வைசாவு ஒரு பன்றி வெட்டியது. நடுவில் நல்லதும் செய்தான், இல்லையென்று சொல்லக்கூடாது. ஊரைக் கேட்காமல் எந்தக் கிளையையும் மூடக்கூடாது என்று சண்டைபோட்டு விதி கொண்டுவந்தவன் அவன்தான்.

உச்சிக்குப் போனபின் என்ன ஆயிற்றோ, கர்த்தருக்குத்தான் தெரியும். முதலில் வைசாவின் நூலகத்தை எடுத்தான். பிறகு கணக்கு வாத்தியாரை. இப்போது கிளையையே மூடப் போகிறான். ஆசிரியர் படிப்பில் பதினோரு பேர் இருக்கிறார்கள். வருட முடிவில் பரீட்சை. அதில் விலிமைனாவின் மகள் செரைமா ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தை. நகரத்துக்குப் போய்ப் படி என்றால் எங்கே போவாள்?

பகலில் படகு வந்தது. அபெனிசாவுக்குப் பின்னால் லோசலினி என்ற அலுவலகப் பெண் பெரிய கேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அதன்மேல் 'முப்பது ஆண்டு நன்றி விழா' என்று எழுதியிருந்தது.

"என்ன மச்சான், சாவு வீட்டுக்குக் கேக் கொண்டாந்திருக்கே?"

மாமன் மகள் கேலி செய்தால் சிரிக்கத்தான் வேண்டும். அபெனிசா சிரித்தான். "நீ மாறவேயில்ல, விலி. மூடல. நகரத்தோட ஒருங்கிணைக்கிறோம்."

"ஆமா, பன்னியைக்கூட அடுப்போட ஒருங்கிணைக்கத்தான் செய்றோம்."

ஊர்க்கூடத்தில் பாய்மேல் எல்லோரும் அமர்ந்தார்கள். அபெனிசா முறைப்படி கைதட்டி, வேர்க்கட்டை எபராமாவின் முன் வைத்துத் தலைகுனிந்தான்.

எபராமாவின் கைகள் அவர் மடியிலேயே இருந்தன.

செரைமாவின் குழந்தை மட்டும் ஏதோ பேசியது. அபெனிசா தலையை நிமிர்த்தி ஊர்த்தலைவரைப் பார்த்தான். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். லோசலினி கிசுகிசுத்தாள். "பேசுங்க சார். படகு மூணு மணிக்கு."

வேற்றூர்க்காரனாக இருந்தால் பேசியிருப்பான். இவன் வைசாவு ரத்தம். ஏற்காத வேரை முன்னால் வைத்துக்கொண்டு பேச அவனால் முடியாது. எழுந்து வெளியே வந்தான்.

வாசலில் லோசலினி காகிதத்தை நீட்டினாள். நகரத்தில் கிளம்பும்போதே தட்டச்சு செய்து வைத்தது. 'ஊராரைக் கேட்டோம். எதிர்ப்பு இல்லை.'

"யாரும் ஒண்ணும் சொல்லலையே சார். கையெழுத்துப் போடுங்க."

விலிமைனா பின்னாலேயே வந்து நின்றாள்.

"போடு மச்சான். கோயில்ல முன்வரிசையில நின்னு பாடுறவன்தானே நீ? பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு பத்துக் கட்டளையில ஒண்ணு இருக்கு. அதையும் எதோடயாவது ஒருங்கிணைச்சிடு."

அபெனிசா பேனாவை வாங்கினான். பிறகு இரண்டு வரியையும் அடித்துவிட்டு எழுதினான்: 'ஊர் என் வேரை ஏற்கவில்லை. கூட்டம் நடக்கவில்லை.' அதன்கீழ் கையெழுத்திட்டான்.

அவனே கொண்டுவந்த விதி பல்கலைக்கழகத்தைக் கட்டிப்போட்டது. அந்த வருடம் கிளையை மூட முடியவில்லை. அவனுக்கும் மேலே இருந்த ஆட்சிக்குழுவுக்கு ஆத்திரம். இரண்டு மாதத்தில் அபெனிசாவைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். அடுத்த ஜனவரியில் புதுத் தலைவர் தன் வேர்க்கட்டோடு வருவார் என்று பேச்சு.

ஒரே ஒரு பெட்டியோடு அபெனிசா வைசாவுக்குத் திரும்பினான். பாவம், நமக்காகப் பதவியை விட்டான் என்று ஊர் உருகியது. விலிமைனா உருகவில்லை. மன்னிக்கச் சொல்லி வேதம் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். தினமும் அதற்காக ஜெபித்தாள். மனசு இறங்கவில்லை. பொய் எழுதாமல் இருந்ததற்கெல்லாம் மாலை போடுவார்களா?

ஒரு மாலை அவன் அவள் வீட்டு வழியாக வந்து தயங்கி நின்றான்.

"நாளைக்கு எட்டு மணிக்குக் கணக்கு வகுப்பு," என்றாள். "நவம்பர்ல பதினோரு பேரும் பரீட்சை எழுதணும். வாத்தியாரை நீதானே எடுத்தே? நீயே வந்து நடத்து."

"கணக்கு நடத்தி இருபது வருஷமாச்சு, விலி."

"அப்ப இன்னிக்கே உக்காந்து படி."

உள்ளே இலையில் மரவள்ளியும் மீனும் ஆவி பறக்க இருந்தன. வாசலில் யார் போனாலும், வா, சாப்பிடு என்று அழைக்கிற ஊர் அது. விலிமைனா அவனை அழைக்காமல் உள்ளே போனாள்.