அலைத்தடுப்புச் சுவரில் ஒட்டிய நத்தைகள்

கிரேன் ஓட்டிய காலத்தில் அவர் கடலை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. கண்ணெல்லாம் கொக்கியில் தொங்கும் பாறைமேல்தான். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரில் பாதிக்குமேல் அவர் இறக்கி வைத்த பாறைகள். ஓய்வு பெற்றதும், "வீட்ல உக்காந்து என் உயிரை வாங்காதீங்க, நடங்க" என்று அந்தச் சுவர்மேலேயே தினமும் கூட்டிப்போனாள் மனைவி.

அவள் தையல்காரி; அளவு பார்க்காமல் கண் சும்மா இராது. ஒருநாள் தண்ணீர் வற்றியிருந்தபோது கடல்பக்கப் பாறையிலிருந்து ஒரு நத்தையும் துறைமுகப்பக்கத்திலிருந்து ஒன்றும் எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். முதலாவது பட்டாணி அளவு, மெல்லிய ஓடு, ஓட்டுக்கு அகன்ற வாய். மற்றது பெரிசு, கெட்டி ஓடு, குறுகிய வாய்.

"ரெண்டும் வேற வேற" என்றார் அவர்.

"இல்லங்க. ஒரே துணியில ரெண்டு அளவு தைச்ச மாதிரி இருக்கு."

சண்டை தீரவில்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் கொழுந்தியாளை வரவழைத்தார்கள். அவள் லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா சொன்னதுதான் சரி மாமா. ஒரே இனம். வெளிய அலை தூக்கி அடிக்குது. பாறையைப் பிடிக்கப் பெரிய பாதம் வேணும், அதான் பாதம் வெளிய வர்ற ஓட்டு வாயும் அகலம். உள்ள அலை இல்ல, நண்டு இருக்கு. மெலிசான ஓட்டை உடைச்சுத் தின்னுடும். கெட்டி ஓடும் குறுகின வாயும் உள்ளது தப்பிச்சு, தன்னை மாதிரியே இனம் பெருக்கும். இப்படியே தலைமுறை தலைமுறையா மாறிடுச்சு."

"சுவர் கட்டறதுக்கு முன்னாடி?"

"இங்க வெறும் மணல்தானே மாமா? இது பாறையில மட்டும்தான் இருக்கும். நீங்க பாறை போட்டப்புறம் எங்கிருந்தோ வந்து ஒட்டியிருக்கு."

அவர் சுவர் கடல்பக்கத்திலிருந்து துறைமுகப்பக்கம் வளையும் முனைக்குப் போய்க் குனிந்தார். பாறைக்குப் பாறை நத்தைகளின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது, ஓடு தடித்தது.

"என்னங்க தேடறீங்க?"

"இது எந்த இடத்துல அதுவா மாறுதுன்னு பாக்கறேன்."

அப்படியோர் இடமே இல்லை. "கல்லைத்தானே போட்டேன்..." என்று தனக்குள் முணுமுணுத்தார்.

அதன்பின், அது எங்கிருந்து வந்திருக்கும் என்று தேடித் தேடி இருவருக்கும் கடலோரப் பேருந்துகள் அத்துப்படியாயின. ஆற்று முகத்துவாரத்தில் ஒரு நத்தைகூட இல்லை. தொலைவில் ஒரு பாறைமுனையில், ஒரே பிளவுக்குள் மஞ்சள், கறுப்பு, வரிபோட்டது என்று அதே நத்தை அப்பிக் கிடந்தது. அவள் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தாள். ஊர் திரும்பும் பேருந்து ஹாரன் அடித்தது. அவர் அவளைக் கூப்பிடவில்லை. தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.