நான் திரும்பச் சேர்த்த வரி

அச்சுக்கு முன் பிழை பார்க்க எடுக்கும் நீளமான ஒரு திருத்தப்படி என் மேசையில் கிடக்கிறது. பழுத்த தாள், ஓரம் தொட்டால் உதிர்கிறது. நடுவில் மூன்று சொற்களின்மேல் சிவப்புப் பென்சில் கோடு. அதன் பக்கத்தில் பச்சை மையில் ‘இருக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறது. அடித்ததை எடுக்காமல் அப்படியே அச்சிடுங்கள் என்று அச்சுக் கோர்ப்பவருக்குச் சொல்லும் குறிப்பு அது. சிவப்புக் கோடு எங்கள் பத்திரிகை ஆசிரியர் போட்டது. பச்சை மை என்னுடையது. அச்சகத்தை இடித்தபோது ஓர் உறையில் கிடைத்ததென்று போன மாதம் அவருடைய மகன் கொண்டுவந்து கொடுத்தார். ஆசிரியர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன.

அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். மன்னார்குடியில் கல்யாணப் பத்திரிகைகளும் கட்சிக்காரர்களின் துண்டறிக்கைகளும் அடித்துப் பிழைத்தார். அதில் மிஞ்சிய தாளில் மாதம் ஒரு சிறு இலக்கிய இதழ் கொண்டுவந்தார். நான் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் தமிழ் வாத்தியார். என் முதல் கதை காவிரியில் புதுத்தண்ணீர் வருவதை ஒன்றரைப் பக்கம் வர்ணித்துத் தொடங்கியது. படித்துவிட்டு, “ஆத்துல தண்ணி வந்துச்சுன்னா போதுங்க. அது வெள்ளிக் கொலுசு வேற போட்டுக்கிட்டு வரணுமா?” என்றார். அந்த ஒன்றரைப் பக்கமும் போயிற்று. கதை எழுந்து நின்றது. கோபம் வந்தாலும் அடுத்த கதையையும் அவரிடமே கொண்டுபோனேன். “பார்த்தத எழுதுங்க. பார்த்தா எப்படி இருக்கும்னு எழுதாதீங்க” என்பார். எனக்கு எழுத வருமென்றால் அது அந்தச் சிவப்புப் பென்சிலால் வந்தது.

கழக ஆட்சி வந்த புதிது அது. வயலில் அரைப்படி கூலி நெல்லுக்காகச் சண்டை. செங்கொடி ஏறிய ஊர்களில் மிராசுதார்கள் வெளியாட்களைக் கொண்டு அறுத்தார்கள். என் தாய்மாமாவும் மிராசுதார்தான். தை அறுவடையில் பள்ளி விடுமுறை என்றால் அவருடைய களத்துக்குக் காவலாகப் போய் உட்காருவேன். கதிரடித்து நெல்லை அளந்த பிறகு, களத்தைக் கூட்டினால் வரும் பதரும் மண்ணும் கலந்த நெல், கூட்டியவளுக்கே என்பது வழக்கம். அங்கே கூட்டிய பெண் ஒருத்தி பதரைக் காலால் ஒதுக்குவதுபோல ஒதுக்கி, அதற்கடியில் நல்ல நெல்லைக் கொஞ்சம் மறைத்துவிடுவாள். நான் பார்த்துவிட்டேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். பயப்படவில்லை, சிரித்தாள். “குடுக்காத அரைப்படிய நாங்களே அளந்துக்குறோம். வாத்தியாரய்யா, கதை எழுதுறவுகளாமே, இத எழுதிப்புடாதீங்க. அப்புறம் எம்புள்ள பட்டினிதான்” என்றாள். இடுப்பில் நான்கு வயதுப் பெண் குழந்தை. மாட்டேன் என்று தலையாட்டினேன்.

எழுதினேன். ‘சுண்டுவிரல் இல்லாத இடது பாதம் பதரின்மேல் ஒருமுறை அழுந்தித் திரும்பியது, அடியில் ஒரு படி நெல் கண்ணை மூடிக்கொண்டது.’ சிறு வயதில் அரிவாள் பட்டு அவளுக்கு அந்த விரல் போயிருந்தது. ஆசிரியர் கதையைப் பாராட்டினார். ஆனால் ‘சுண்டுவிரல் இல்லாத இடது’ என்ற மூன்று சொற்களையும் அடித்தார். “பாதம்னு மட்டும் இருந்தாலும் கதை நிக்குதுங்க.” பார்த்ததை எழுதச் சொன்னது நீங்கள்தானே என்று சண்டை போட்டேன். “பார்த்தத எழுதச் சொன்னேன். காட்டிக்குடுக்கச் சொல்லல” என்றார்.

அந்த வாரம் உறவில் ஒரு சாவு என்று அவர் திருக்கடையூர் போனார். நான் அச்சகத்துக்குப் போய், இந்தப் படியில் ‘இருக்கட்டும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் கதையில் உயிருள்ளது அந்த விரல்தான் என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்தபோது இதழ் தபாலில் போய்விட்டது.

மாமா கதை படிப்பவரில்லை. நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று அறுபது வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன், பாராட்டுக்குத்தான், வேறெதற்குமில்லை. படித்துவிட்டுச் சிரித்தார். “நம்ம களத்தையே எழுதிட்டியேடா மாப்ள” என்றார். குறுவை அறுவடையின்போது களத்தில் பெண்களை வரிசையாக நிறுத்தினார். “எல்லாரும் எடது கால முன்னாடி வைங்கடி.” நான் மாமாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு அருகில் நின்றேன். அவள் மற்றவர்களுக்கு முன்பே காலை நீட்டினாள். என்னைப் பார்த்துத்தான் நீட்டினாள். நான் குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டேன்.

குடியிருப்பவருக்கே மனை என்று சட்டம் வருவதற்கு முந்திய காலம் அது. மாமாவின் மேட்டில் இருந்த அவள் குடிசையை அன்றே பிரித்தார்கள். சாயங்காலம் அவள் புருஷன் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தான். “அய்யா, இத நீங்களா எழுதுனீங்க?” என்றான். “கதை என்னுதுதான். கால் சங்கதிய அச்சாபீஸ்காரர் சேத்துட்டார்” என்றேன். இவ்வளவு எளிதாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

நான்கு பேரோடு அவன் அச்சகத்துக்குப் போய்த் தெருவே கேட்கும்படி கத்தியிருக்கிறான். யார் சொன்னதென்று தெரிந்தும் ஆசிரியர், “எங்க பத்திரிகையில வந்தா எங்க தப்புதாங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சில நாள் கழித்து நான் போனேன். தலை நிமிராமல் பிழை திருத்திக்கொண்டே, “அடுத்த கதை எப்பங்க தர்றீங்க?” என்றார். நான் கொடுக்கவேயில்லை. அந்தக் குடும்பம் பூம்புகார் பக்கம் மீன் காயப்போடும் வேலைக்குப் போய்விட்டது.

இப்போது என் கதைகளை மறுபதிப்பாகக் கொண்டுவருகிறார்கள். அந்தத் திருத்தப்படியை எடுத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த அந்தக் குழந்தையைத் தேடிப் போனேன். செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்று மயிலாடுதுறையில் இருக்கிறார். அம்மாவும் அப்பாவும் இல்லை. நடந்ததைச் சொல்லி, அந்த மூன்று சொற்களையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

தாளை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தார். “எங்கம்மா காலுங்க அது. அன்னைக்கு வேணாம்னாங்க, வெச்சீங்க. இப்ப எடுத்தா யாருக்குங்க நல்லது? உங்களுக்குத்தான்” என்றார். பச்சை மையின்மேல் விரலை வைத்து, “அப்பா சாகுற வரைக்கும் அந்த அச்சாபீஸ்காரரத்தான் திட்டிக்கிட்டு இருந்தாரு. நாங்களும் சேந்து திட்டியிருக்கோம். இந்தத் தாள ஒரு தடவ நீட்டியிருந்தா போதுமே. அவரு ஏங்க காட்டல?” என்றார்.

‘பார்த்தத எழுதச் சொன்னேன். காட்டிக்குடுக்கச் சொல்லல’ என்று அன்றைக்கு ஆசிரியர் என்னிடம் சொன்னதை அவரிடம் சொன்னேன். காபி கொடுக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்து, “யாரு வெச்சதுன்னு எழுதுங்க” என்றார்.

எழுதிவிட்டேன். புத்தகத்தில் அந்தக் கதைக்கு முன்னால் இந்தக் குறிப்பு வரும். தாள் என் முன்னால் கிடக்கிறது. இத்தனை வருடத்தில் சிவப்புக் கோடு பாதி உதிர்ந்துவிட்டது. பச்சை மையில் என் கையெழுத்து இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது.