மூன்றாவது படிக்குப் போ

எண்பதுகளின் நடுவில் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறை மின்னணுத் தொழிற்சாலையில் புரோகிராமராக இருந்தேன். சர்க்யூட் போர்டுகளைச் சூடேற்றிச் சோதிக்கும் அடுப்பை ஒரு கம்ப்யூட்டர் இயக்கியது. சோதனைமுறையில் சின்ன மாற்றம் என்றாலும் முழு புரோகிராமையும் நான்தான் திருத்த வேண்டும். அலுத்துப்போய், அந்தப் பெரிய புரோகிராமுக்குள்ளேயே சின்னதாக ஒரு கற்பனை இயந்திரத்தைக் கட்டினேன். சூடேற்று, காத்திரு, அள, இன்ன படிக்குப் போ என்று பத்துப் பன்னிரண்டு கட்டளைகள்தான் அதற்குத் தெரியும். வரிசையாக எழுதிக் கொடுத்தால் செய்து முடித்துவிட்டு, பொறுப்பைப் பெரிய புரோகிராமிடம் திருப்பித் தரும்.

என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் சோதனைக்கூடத்து டெக்னீஷியன். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர், என் வயதுதான். ஒரே வாரத்தில் சோதனைகளைத் தானே எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் ஓடி வந்தார். அடுப்பு நிற்கவில்லை. சூடு போதாவிட்டால் மூன்றாவது படிக்குப் போய் மறுபடி சூடேற்று என்று எழுதியிருந்தார். அன்று வெப்பம் அளக்கும் கம்பி கழன்றிருந்தது. எவ்வளவு சூடானாலும் போதவில்லை என்றே காட்டியது. சின்ன இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நிறுத்தும் பொத்தானைக் கவனிக்க வேண்டிய பெரிய புரோகிராமோ, சின்னது திரும்பி வரட்டும் என்று காத்திருந்தது. கம்ப்யூட்டரையே அணைத்தேன். கடைசியாக வந்த ‘சூடேற்று’ கட்டளையிலேயே ஹீட்டர் நின்றுவிட்டது, அணையவில்லை. மெயின் சுவிட்ச் அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த எலக்ட்ரீஷியன் சாப்பிடப் போயிருந்தார்.

“இப்ப என்ன செய்யறது மேடம்?”

போர்டுகள் கருகுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

விசாரணையில், அந்தச் சோதனையை எழுதி டெக்னீஷியன் கையெழுத்திட்ட தாள்தான் முன்னால் வந்தது. இத்தனை படிக்கு மேல் ஓடாதே என்று நான் வரம்பு வைத்திருக்க வேண்டும், பிழை என்னுடையது என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். புரோகிராம் சொன்னதைத்தான் செய்தது; அதில் குறை என்று எழுதினால் அந்தப் புரோகிராமுக்கு வாங்கிய ஒப்புதலையெல்லாம் மறுபடி வாங்க வேண்டும், பேசாமல் இருங்கள் என்றார். அவருக்கும் மேலே இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. டெக்னீஷியனை ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

பிறகு அந்த வரம்பை வைக்க எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை. ஸ்டோர்ஸுக்குப் போய் அவரிடம் அதைச் சொன்னேன்.

“ஹவ் மேடம், ஆமா, அது எனக்கும் அன்னிக்கே புரிஞ்சது. ஆனா சைன் என்னோடதாச்சே, விடுங்க,” என்றார். கொஞ்சம் தயங்கி, “இங்கயும் அந்த மாதிரி கட்டளை எழுதற வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்க,” என்றார்.

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.