ஜீப்புக்குப் போட்ட கண்ணாடி

என் வீட்டுக்காரர் ஓட்டின ஜீப் கரையிலிருந்து உருண்டு விழுந்த சேதி வந்தபோது நான் கம்பெனியில் ஷீட்டுக்குப் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அக்ரிலிக் ஷீட் செய்கிற சின்ன கம்பெனி அது. கடை வாசலில் உள்ளே விளக்கு வைத்துப் பெயர்ப்பலகை மாட்டுகிறார்களே, அதற்கான ப்ளாஸ்டிக். போனில் அவரே பேசினார். "எனக்கு ஒண்ணும் ஆவல மே. வண்டிதான் கவுந்துட்சி" என்றார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த மூச்சிலேயே பயம் வந்தது, வேலை போய்விடுமே என்று.

ஜீப் எங்களுடையது இல்லை. ஆரம்பாக்கம் தாண்டி ஏரியோரத்தில் ஒருவர் இறால் பண்ணை வைத்திருக்கிறார். குட்டைகளுக்கு நடுவே போகும் மண் கரைகளில் தீனி மூட்டை ஏற்றிப் போக ஒரு பழைய ஜீப். மழை பெய்து சேறானால் அதைத் தவிர வேறு எதுவும் அங்கே ஏறாது. அதற்கு டிரைவராகத்தான் என் வீட்டுக்காரர் போய்க்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் இரும்பு வார்க்கிற கம்பெனியில் இருந்தார். காண்ட்ராக்ட் முடிந்தது என்று ஒரு நாள் காலையில் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். சாப்பாடு போட்டால், "பசிக்கல, எடுத்துனு போ" என்பார். யாராவது வீட்டுக்கு வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்த எட்டு மாதத்தை நான் யாருக்கும் சாபமாகக்கூடக் கொடுக்க மாட்டேன். இறால் பண்ணை வேலை கிடைத்த பிறகுதான் மனிதர் மறுபடி வாய் விட்டுச் சிரித்தார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வடித்த குட்டையில் வண்டி ஒருக்களித்துக் கிடந்தது. ஒரு சுற்று சுற்றி விழுந்திருக்கிறது. மேல் கித்தான் கிழிந்து, பானெட் நசுங்கி, முன் கண்ணாடி பொடிப்பொடியாகச் சேற்றில் கிடந்தது. கண்ணாடியைப் பிடித்திருந்த இரும்புச் சட்டம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஓனர் கரைமேல் நின்றுகொண்டிருந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். அவர் கத்தவில்லை.

"மழையில கரை இடிஞ்சிது, உன் மேல தப்பு இல்ல நைனா. ஒத்துக்கிறேன். ஆனா வெள்ளிக்கெழம தீனி லோடு வருது. அதுக்குள்ள வண்டி ரெடியா நிக்கணும். இல்லன்னா டிராக்டர் வெச்சிக்கிறவன வரச் சொல்லிடுவேன். அவன் வண்டிய அவனே ஓட்டிக்குவான்."

அன்றைக்குத் திங்கட்கிழமை.

ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். கயிறு கட்டி இழுத்து வண்டியை நிமிர்த்தியதும் என் வீட்டுக்காரர் சாவியைத் திருகப் போனார். மெக்கானிக் அவர் கையிலேயே ஒரு அடி போட்டார். வண்டி கவிழ்ந்து கிடந்தால் ஆயில் இன்ஜினுக்குள் ஏறி நிற்குமாம். அப்படியே ஸ்டார்ட் செய்தால் உள்ளே உடைந்துபோகுமாம். டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு வண்டியைக் கையால் சுற்றச் சொன்னார். கறுப்பு ஆயில் பீய்ச்சி அடித்து என் வீட்டுக்காரரின் சட்டை முழுக்க ஆனது. அந்தச் சட்டையை நான் இரண்டு தடவை சோப்பில் ஊறவைத்தேன், போகவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இன்ஜின் ஓடியது. பானெட்டை மணல் மூட்டைமேல் கவிழ்த்துப் போட்டு அடித்து நிமிர்த்தினார்கள். கண்ணாடிச் சட்டம் மட்டும் என்ன செய்தும் நேராகவில்லை. ஒரு மூலை இரண்டு விரல் அளவுக்குத் துருத்திக்கொண்டே நின்றது.

புதன்கிழமை திருவள்ளூர் வரை பைக்கில் போய் அளவு கொடுத்துக் கண்ணாடி வெட்டி வாங்கி வந்தார். நாலாவது ஸ்க்ரூ முறுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். மூலைக்கு மூலை விரிசல். கோணின சட்டத்தில் கண்ணாடி எப்படி உட்காரும்? அவர் சேற்றிலேயே குந்திக்கொண்டு தலையில் கை வைத்தார். எனக்கு அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த முதுகுதான் ஞாபகம் வந்தது.

"எங்க கம்பெனில கழிச்சுப் போட்ட ஷீட்டு கீதுய்யா. அது வளைஞ்சி குடுக்கும்" என்றேன்.

"பிளாஸ்டிக்கா? ஓனரு ஒத்துக்குவாரா?"

"கேட்டுட்டுப் போடு. பண்ணைக்குள்ள ஓடுற வண்டிதான? நல்ல கண்ணாடி கெடைக்கிற வரைக்கும்னு சொல்லு."

"கேட்டுக்கிறேன், கேட்டுக்கிறேன்."

கேட்டுவிட்டுப் போடு என்று நான் சொன்னேன். என் பிள்ளைகள் மேல் சத்தியமாகச் சொன்னேன்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஓரத்தில் குமிழி விழுந்ததால் கழித்த ஒரு ஷீட்டை வெளியே எடுத்துப்போகப் பாஸ் எழுதி வாங்கினேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். காற்று அடித்த அடியில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. வீட்டு வாசலில் போட்டு, உடைந்த ஹாக்ஸா பிளேடால் கோடு கீறி, படி விளிம்பில் வைத்து ஒடித்தோம். ட்ரில் போட்டால் வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கேஸ் அடுப்பில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியில் பிடித்து, பன்னிரண்டு ஓட்டையும் நானே போட்டேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அந்த வாடையில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஷீட்டை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மாட்டினோம். கோணல் மூலைக்கு ஏற்றாற்போல் வளைந்து அழகாக உட்கார்ந்தது. பேப்பரை உரித்ததும் உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. "காஞ்ச துணி போட்டுத் தொடைக்காத, கீறல் வுழும். சோப்புத் தண்ணி ஊத்து" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு போன் வந்தது. ஓனர்.

"இன்னா நைனா, கண்ணாடி போட்டாச்சா?"

"போட்டாச்சி சார். சூப்பரா கீது."

போனை வைத்ததும் நான் முறைத்தேன். "பிளாஸ்டிக்குன்னு சொல்லலியா?"

"நான் இன்னா பொய்யா சொன்னேன்? வண்டிக்கு முன்னாடி இருந்தா அது கண்ணாடிதான். உங்க அண்ணன் மூக்குல மாட்டிக்கினு கீறாரே, அதுகூட பிளாஸ்டிக்குதான். அத இன்னான்னு சொல்ற நீ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னதும் சரிதானே. மூக்கில் மாட்டினாலும் கண்ணாடி, முகம் பார்த்தாலும் கண்ணாடி, பஸ்ஸில் இருந்தாலும் கண்ணாடி. அன்றைக்கு நான் சிரிக்காமல் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பேசியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். "நீ செஞ்சது, நீ வந்து பாரு" என்று அவர்தான் கூப்பிட்டார். லோடு இறக்கப் போகும் முன் ஓனர் பூஜை போட வந்தார். கவிழ்ந்து எழுந்த வண்டி, பூஜை போடாமல் ஓட்ட விடுவாரா? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பூசணிக்காய், சந்தனம், குங்குமம் எல்லாம் கொண்டுவந்திருந்தார். கண்ணாடியில் தன் கையாலேயே சந்தனம் தொட்டு வைத்தார். "புதுக் கண்ணாடி பளபளன்னு கீதே" என்று என் வீட்டுக்காரரின் முதுகில் தட்டினார். இவருக்கு முகமெல்லாம் பல்.

ஏரிக்காற்றில் கற்பூரம் நிற்கவில்லை. இரண்டு தடவை அணைந்தது. கற்பூரம் அணைந்தால் யாருக்குத்தான் மனசு ஒப்பும்? காற்று வண்டிக்குப் பின்னாலிருந்து அடித்தது. ஓனர் யோசித்துவிட்டு, பானெட்டின் மேல், கண்ணாடியை ஒட்டினாற்போல், காற்று படாத இடமாகப் பார்த்துத் தட்டை வைத்தார். "நல்லா எரியட்டும்" என்று பாக்கெட்டிலிருந்த மிச்சத்தையும் கொட்டிக் கொளுத்தினார்.

என் வாய் திறந்துவிட்டது. சத்தம் வரவில்லை. கத்தினால் எல்லாம் வெளியே வந்துவிடும். சின்ன நெருப்பு, அணைந்துவிடும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கை கூப்பிக்கொண்டு கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிமிட்டவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

அப்பளம் பொரிவதுபோல் ஷீட்டில் குமிழ் குமிழாகக் கிளம்பியது. சந்தனப் பொட்டு கீழே வழிந்தது. அப்புறம் கண்ணாடியே மடங்கித் தொங்கி, ஓரத்தில் நீல நெருப்புப் பிடித்தது. என் வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினார். கற்பூரமும் போயிற்று.

ஓனர் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார்.

"இன்னா நைனா இது? கண்ணாடி போட்டாச்சுன்னு சொன்னியே. என்னயா ஏமாத்துற?"

பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்தார். பிறகு என்னைக் கை காட்டினார்.

"எனக்குத் தெரியாது சார். இவதான் கண்ணாடின்னு சொல்லி எடுத்தாந்து குடுத்தா. இவ கம்பெனி சரக்கு. நான் நம்பிட்டேன்."

ஓனர் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, அப்டியா?"

அடப்பாவி என்று கத்தியிருக்கலாம். கத்த எனக்கு வாயில்லாமல் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். கம்பெனி கேட்டிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

"ஆமா சார்" என்றேன். "நான்தான் அவராண்ட சொல்லல."

"பொம்பளையா நீ? கல்லு பட்டு உன் புருசன் கண்ணே போயிருக்கும்மே" என்றார் ஓனர். பிறகு அவர் குரல் இறங்கியது, ஆனால் எனக்காக இல்லை. "வுடு நைனா, நீ இன்னா பண்ணுவ. போய் லோடு எறக்கு." என்னிடம், "இனிமே பண்ணப் பக்கம் வராதம்மா" என்றார். மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவன் சிரித்தான். ஜீப் அன்றைக்குக் கண்ணாடியே இல்லாமல் நாலு நடை ஓடியது. நான் ரோடு வரை நடந்துபோய் ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

இன்றைக்கும் அவர் அந்த வேலையில்தான் இருக்கிறார். சம்பளம்கூட ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஓனர் வீட்டில் கல்யாணம் காட்சி என்றால் அவருக்கு மட்டும்தான் பத்திரிகை.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டேன். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு ஓரமாக எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. நன்றாகப் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு போடும்போது நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல வேள மே, இன்னிக்கி நீ வந்த. நீ வராம இருந்திருந்தா நான் யாரச் சொல்லியிருப்பேன்?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மனசார, நன்றியோடு சொன்னார்.